கண்ணாடி போடாத கதவு

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது வாசித்து அவரிடம் சொல்லிவிடுவார்கள். கோட்டுப் பையில் தூரிகையோடு வந்து நின்று, "அண்ணை, இந்த வசனம் இன்னும் முடியேல்லை" என்று இதையும் திருத்தத் தொடங்கிவிடுவார். அவருடைய கை படாத பொருள் உலகத்தில் ஒன்றாவது இருக்கட்டும்.

சூடானில் பிறந்தவர். ஓவியர், அரபு எழுத்துகளை நாணல் பேனையால் எழுதுவதிலும் பெரிய விண்ணர். ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், பார்க்டேலில் ஒரு பழைய தொடர்மாடியில் தனியே இருந்தார். எனக்கு நகரத்தின் மறு முனையில், ஸ்காபரோவில், ஒரு பிளாசாவில், படங்களுக்குப் பிரேம் போடும் கடை. கலியாணப் படம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் படம், பிள்ளைகளின் பட்டம், செத்தவர்களின் படம் என்று எங்கள் சனத்தின் சந்தோசம் துக்கம் எல்லாவற்றுக்கும் நான்தான் கண்ணாடி போடுகிறேன். பார்க்டேலில் இருந்து ஸ்காபரோவுக்கு பஸ்ஸும் சப்வேயும் மாறி வருவதற்குள் ஒரு சமையல் முடிந்துவிடும். அவ்வளவு தூரம் ஏன் வந்தார் என்று அப்போது யோசித்தேன். பக்கத்தில் இருந்த கடைக்காரர்கள் எல்லாம் இனி வரவேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல்நாள் நல்ல பனி. கறுப்புக் குப்பைப் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த தாளை என் மேசையில் விரித்தார். எழுத்துகள். ஆனால் அவை வரிசையில் நிற்கவில்லை. ஒன்று நீண்டு முக்காடு போட்ட பெண்ணாகி நடந்துகொண்டிருந்தது. இன்னொன்று குனிந்து தண்ணீர் அள்ளியது. எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது. என்றாலும் அங்கே விடிந்துவிட்டது, வீட்டுவேலை தொடங்கிவிட்டது என்பது விளங்கியது.

"கண்ணாடி வேண்டாம்" என்றார்.

தாளில் வரைந்த படத்துக்குக் கண்ணாடி போடாவிட்டால் தூசு விழும், ஈ, இலையான் மொய்க்கும், ஈரம் பிடிக்கும் என்று நான் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். கிழமை முடிய வந்து, பிரேம் போட்ட படத்தைப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கழட்டுங்கோ அண்ணை."

"ஏன்?"

"பிழை."

பின்பக்கம் ஆணி அடித்து மண்ணிறத் தாள் ஒட்டி மூடிய பிரேமைக் கழற்றுவது, கலியாணம் முடிந்த பிறகு சாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரியான வேலை. முணுமுணுத்துக்கொண்டு கழற்றினேன். உள்கோட்டுப் பையில் இருந்து சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தார். மற்ற மனிதர்கள் மூக்குக்கண்ணாடி வைக்கும் இடத்தில் அவர் ஒரு நாணல் பேனை, ஒரு மெல்லிய தூரிகை, ஒரு ஈரத்துணி, கொஞ்சம் மை வைத்திருந்தார். துணியால் ஒரு எழுத்தின் வாலைத் துடைத்தார். அது இருந்த அடையாளமே இல்லாமல் போனது. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுவையில் புது வால் வரைந்தார். முடிந்ததும் மூச்சு விட்டார். நானும் அப்போதுதான் விட்டேன். பழைய வாலும் அச்சொட்டாக இப்படித்தான் இருந்தது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அவர் பேசியது ஒரு மாதிரி இங்கிலீஷ், நான் பேசியது இன்னொரு மாதிரி இங்கிலீஷ். ஞாபகத்தில் எல்லாம் என் தமிழில்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். ஆனால் சில சொற்கள் உண்மையிலேயே அவர் சொன்ன தமிழ். என்னைவிட வயதில் மூத்தவராக இருந்தும் என்னை அண்ணை என்பார். கடைக்கு வரும் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு, என் மனைவியை அன்ரி என்பார். "தலை பஞ்சாய் நரைச்ச மனிசன், என்னைப் பார்த்து அன்ரியோ?" என்று அவள் கொதிப்பாள். மூன்றாவதுதான் முக்கியமான சொல். படம் கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது: "முடியேல்லை, நாளைக்கு வாங்கோ." அதிலிருந்து முதல் சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். நான் அதைச் சாட்டாகச் சொன்னேன்; அவர் கொள்கையாக வைத்துக்கொண்டார்.

ஒருநாள் கேட்டேன், எழுதினதை ஏன் இப்படிக் கழுவுகிறீர்கள் என்று. சின்ன வயதில் அவர் குர்ஆன் ஓதப் போன இடத்தில் பிள்ளைக்கு ஒரு மரப்பலகைதானாம். அதில் புகைக்கரி மையால் எழுத வேண்டும், பாடமாக்க வேண்டும், ஆசிரியரிடம் ஒப்புவித்த பிறகு பலகையைக் கழுவி அடுத்ததை எழுத வேண்டும்.

"பாடமாக்கினதைத்தான் கழுவலாம். பாடமாக்காதவன் கழுவினால் அடி விழும்" என்றார்.

"அப்ப உங்கடை படமெல்லாம் உங்களுக்குப் பாடமோ?"

"ஓம் அண்ணை. அதுதான் பயமில்லாமல் கழுவுறன்."

கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாதாம். எழுத்து கரைந்த தண்ணீர். சிலர் குடிப்பார்களாம், இல்லாவிட்டால் மரத்தடியில் ஊற்றுவார்களாம். ரொறன்ரோவில், அதுவும் மாசி மாதத்தில், மரத்தடிக்கு எங்கே போவது? என் கடை யன்னலோரம் மனைவி ஒரு சாடியில் கறிவேப்பிலை வைத்திருந்தாள். குளிருக்குள் அதை உயிரோடு காப்பாற்ற அவள் படும் பாடு எனக்குக்கூடப் பட்டதில்லை. ஈரத்துணியைப் பிழிந்த கறுப்புத் தண்ணீரை அவர் பக்தியோடு அந்தச் சாடியில் ஊற்றினார்.

"ஐயோ, என்ரை மரத்துக்கு மையை ஊத்துறார்!"

"அன்ரி, இது நல்ல தண்ணி."

அந்த மரம் பிறகு அந்த யன்னல் கொள்ளாமல் வளர்ந்து, கடைசியில் எங்கள் வீட்டுக்குக் குடிபோனது. தான் ஊற்றிய புளித்த மோர்தான் காரணம் என்று அவள். அவர் இலையைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார். இதில் நான் எந்தப் பக்கம் என்று இதுவரைக்கும் வாய் திறக்கவில்லை.

மையும் எங்கள் கடையில் இருந்துதான் போனது. மைக்கு விளக்குப் புகைக்கரி வேண்டும். கடையில் மின்சாரம், தொடர்மாடியில் மெழுகுதிரி கொளுத்தினாலே புகை மணி அடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, கடை மூலையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் எரிந்த நல்லெண்ணெய் விளக்கைப் பார்த்ததும் ஆள் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வெள்ளி ஒரு பீங்கான் தட்டோடு வந்து, அன்ரியின் அனுமதியோடு சுடருக்கு மேலே பிடித்தார். கரியை வழித்து, தன் ஊரில் இருந்து வந்த பிசினைக் கரைத்துக் குழைத்தார். பார்த்தால் எங்கள் வேலம்பிசின் மாதிரியே இருந்தது. அவர் அல்லாவின் பெயரை எழுத, கரி கொடுத்தவர் எங்கள் பிள்ளையார். கோயில் ஐயரிடம் இதைச் சொன்னேன். "அவர் தட்டு நல்லாய்க் கழுவினவரோ?" என்று மட்டும் கேட்டார்.

திருத்தம் படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் மனைவியின் தேங்காய்ப்பால் சொதியில் ஒரு வாய் வைத்து, யோசித்து, "அன்ரி, முடியேல்லை" என்று புளிப்புக்குத் தேசிக்காய் கேட்பார். முப்பது வருசமாக அவளுடைய சொதியைப் பற்றி நான் சொல்லத் துணியாத வார்த்தை அது.

பக்கத்து நகரமான மார்க்கமில் ஒரு கணக்காளர் இருக்கிறார், என் வாடிக்கையாளர். புது வீட்டுக்கு ஒரு படம் வாங்கித்தரச் சொன்னார். நான்தான் இவருடைய படத்தைக் காட்டி, விற்றுக் கொடுத்து, பிரேமும் போட்டேன். வீடு குடிபூரலுக்கு எங்களையும் அழைத்தார், ஓவியரையும் அழைத்தார். பால் காய்ச்சியாகிவிட்டது. சனம் தட்டோடு நிற்கிறது. இவர் மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்வதைக் கண்டேன். கையில் இருந்த வடையை வைத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் பிரேமை இறக்கிச் சோபாவில் கவிழ்த்து வைத்து, என் ஆணிகளை என்னைவிட நேர்த்தியாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கணக்காளரின் மகள்தான் முதலில் கத்தினாள். "அப்பா, ஹீ இஸ் இரேசிங் இட்!"

கணக்காளர் என்னைப் பார்த்தார். "உவர் என்ன செய்யிறார்? நான் வாங்கின படமெல்லே?"

"அது… சேர்விஸ்" என்றேன்.

ஓவியர் மூச்சை அடக்கினார். கூட நின்றவர்களும் அடக்கினார்கள். கோடு இழுத்து முடிந்ததும் ஒரு அன்ரி கையே தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கணக்காளர் வீட்டுக்கு வரும் எல்லாரிடமும், ஓவியர் நேரே வந்து தன் வீட்டில் நின்று வரைந்ததாகத்தான் சொல்கிறார். மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள், எங்கள் வீட்டுக்கும் அந்தச் சேர்விஸ் உண்டோ என்று.

எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். நாங்கள் யூனியன்வில்லில் வீடு வாங்கியபோது ஓவியர் ஒரு படம் அன்பளிப்பாகத் தந்தார். சூடானின் ஓம்டுர்மான் நகரில் அவருடைய தாய் வாழ்ந்த வீட்டின் வாசல். மண்சுவர், நீலக் கதவு, பக்கத்தில் தண்ணீர்ப் பானைகள். எல்லாம் எழுத்துகள்தான். எட்டி நின்றால் வாசல், கிட்டப் போனால் எழுத்து. அந்த வீட்டில் தாயின் கட்டிலுக்குக் கீழே அவர் இளவயதில் வரைந்த படங்கள் எல்லாம் சுருள் சுருளாக இருப்பதாகச் சொன்னார். "போகேக்கை ஒவ்வொண்டாய் எடுத்துத் திருத்த வேணும்" என்றார். அந்தப் படங்களுக்காக நான் மனதுக்குள் இரங்கினேன்.

படத்தைத் தந்தாரே தவிர விட்டாரில்லை. வரும்போதெல்லாம் ஒரு பானை குறையும், அடுத்த முறை கூடும். சுவர் ஒருதரம் செம்மண், ஒருதரம் வெண்மண். கதவு ஒருநாள் மூடியிருக்கும், ஒருநாள் முழுக்கத் திறந்திருக்கும். ஒருமுறை கதவைப் பாதி திறந்து, அந்த இடைவெளியால் வெயிலை ஒரு கோடாகப் பானைகளின் மேல் விழுத்தினார். மனைவி தேத்தண்ணியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுதான். இனி உவரைத் தொட விடாதையுங்கோ" என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

அன்றைக்கே வேலை தொடங்கினேன். என்னிடம் இருந்ததில் நல்ல கண்ணாடி போட்டேன். ஆணி இல்லை, திருகாணி. பின்பக்கம் பலகை. அதையும் சுவரோடு முடுக்கினேன். அடுத்த முறை வந்தவர் கண்ணாடியில் தன் முகம் தெரிவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் மூலையைத் தட்டினார். ஆடவில்லை.

"அண்ணை, எங்கடை வீட்டைப் பூட்டிப்போட்டியள்."

"ஓம்" என்றேன், வெற்றியோடு. அவர் சிரித்தார். ஆனாலும் வரும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பிறகு அவருடைய நாட்டில் சண்டை தொடங்கியது.

எங்கள் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொலைபேசி எடுபடாத நாட்கள், யாரோ யாரையோ கண்டதாக யாரோ சொன்ன செய்தி, எல்லாம் பழகிய பாதை. பல கிழமைக்குப் பிறகு தகவல் வந்தது. தாய் அயலவர்களோடு வெளிக்கிட்டுக் கெய்ரோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு இல்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த சுருள்களும் இல்லை.

அந்த நாட்களில் பிரேம் போடக் கொடுத்திருந்த ஒரு படத்தை எடுக்க வந்தார். நான் ஆணி கழற்றும் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "சரி" என்று பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் பஸ் தரிப்பில் நிற்பதை யன்னலால் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவர் என்னைப் படுத்திய பாடு எல்லாம் திரும்ப வரட்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முதல் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டோம். இடியப்பமும் சொதியும். மனைவி முன்யோசனையோடு தேசிக்காயை வெட்டி அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவர் தொடவில்லை.

"தேசிக்காய் இருக்கு" என்றாள்.

"வேண்டாம் அன்ரி. நல்லாயிருக்கு."

இத்தனை வருசமாக அந்த வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். கிடைத்ததும் குசினிக்குள் போய் அழுதாள்.

சாப்பிட்டு முடிய அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அம்மா ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறா. வீடு இல்லையெண்டு சொல்லியும் அவவுக்கு ஏறுதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறா, நான் வெளிக்கிடேக்கை கதவைப் பூட்டினனானோ? திறந்தபடி விட்டிட்டு வந்திட்டனோ எண்டு நித்திரை இல்லை. சாப்பாடும் இல்லை." விரலால் கண்ணாடியைத் தொட்டார். "இந்தக் கதவு திறந்து கிடக்கு, அண்ணை. ஒருக்கால் கழட்டித் தருவியளோ?"

படத்தைத் தொட அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மனைவியைப் பார்த்தேன். அந்தப் பாதி திறந்த கதவும் வெயிலும் அவளுடையது. காலையில் எழும்பியதும் அவள் பார்ப்பது அதைத்தான்.

"ஸ்குரூட்ரைவர் எங்கை?" என்றாள் அவள். நான் யோசித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "எங்கடை அம்மா சண்டையிலை கூரை போன வீட்டின்ரை பூட்டுத் திறப்பைச் சாகுமட்டும் இடுப்பிலை செருகிக்கொண்டு திரிஞ்சவ. போய் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள்.

என் கெட்டித்தனம் அவ்வளவையும் நானே கழற்ற நேரமெடுத்தது. படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். ஈரத்துணியால் பானைகளின் மேல் இருந்த வெயிலைத் துடைத்தார். அரபியில் முதலெழுத்து ஒரு நேர்கோடு. மூச்சை அடக்கிக்கொண்டு, அதை மேலிருந்து கீழே ஒரே இழுவையாக இழுத்தார். கதவு சாத்தியாயிற்று.

போனில் படமெடுத்துக் கெய்ரோவுக்கு அனுப்பினார். உடனேயே தாய் எடுத்தார். வயதான குரல், ஆனால் நல்ல உரத்த குரல். இருவரும் பேசினார்கள். இடையில் அவர் என்னைப் பார்த்தார், கண் நிறைந்திருந்தது.

"திறப்பு எங்கையெண்டு கேக்கிறா. ரொறன்ரோவிலை ஒரு அண்ணையிட்டைக் குடுத்திருக்கிறன் எண்டு சொன்னனான். உங்களுக்குச் சலாம் சொல்லுறா. திறப்பைக் கவனமாய் வைச்சிருக்கட்டாம்."

"கவனமாய் வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

தூரிகையை ஒரு கோப்பைத் தண்ணீரில் கழுவினார். அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் சாடிக்குக் கொண்டுபோகவில்லை, கோப்பையிலேயே விட்டுவிட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "முடிஞ்சுது, அண்ணை" என்றார். அந்தச் சொல்லை நாங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தூரிகை வைக்கும் டப்பா மேசையில் கிடந்தது. மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இருக்கட்டும்" என்றார். தன் கையை விரித்துக் காட்டினார், அதில் இனி ஒன்றும் இல்லை என்பதுபோல. அதோடு வரைவதையே விட்டார். அந்த வருசமே பார்க்டேல் வீட்டை விட்டுத் தாயிடம் கெய்ரோவுக்குப் போய்விட்டார்.

படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டினேன். கண்ணாடி மட்டும் போடவில்லை. வரும் சனம் விடுவார்களா? "ஊரெல்லாம் கண்ணாடி போடுற மனிசன், தன்ரை வீட்டுப் படத்தைத் தூசு திண்ண விட்டிருக்கிறார்" என்று பகிடி. ஒரு இலையான் வந்து நீலக் கதவில் இருந்தால் மனைவி துவாயோடு ஓடுவாள். டப்பாவைச் சாமி அறையில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்குக்கு மேலே அவர் விட்டுப்போன பீங்கான் தட்டையும் பிடித்தாள். கரியை வழித்துத் தாளில் மடித்து வைத்தாள்.

போன மாதம் அவர் வீடியோ கோல் எடுத்தார். மெலிந்துபோயிருந்தார். தாய் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக நித்திரை கொள்கிறார் என்றார். அன்ரி சுகமோ என்றார். மரம் சுகமோ என்றார். பிறகு சும்மா கேட்பதுபோல, "அந்தக் கதவை ஒருக்கால் காட்டுங்கோ" என்றார்.

போனைத் திருப்பிப் பிடித்தேன்.

"கொஞ்சம் கிட்ட" என்றார். "இன்னும் கிட்ட. மேலை பாருங்கோ, கோடு தொடங்கிற இடம்." பிறகு குரல் மாறியது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் பல வருசம் ஆணி கழற்றினேன். "கண்ணாடி போட்டிட்டியளோ?"

"இல்லை."

"போடாதையுங்கோ. முடியேல்லை, அண்ணை."

நான் குசினியைப் பார்த்துக் கத்தினேன். மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னவாம்?"

"பிழையாம். முடியேல்லையாம்."

அவள் நேரே சாமி அறைக்குப் போய் டப்பாவை எடுத்துத் திறந்தாள். துணி காய்ந்து கட்டையாகக் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் குழாயடியில் பிடித்து நனைக்கத் தொடங்கினாள்.